புதுக் கருவி வீட்டுப் பொருளாவது எப்படி? பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்ரீராமபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பழுதுபார்க்கும் கடை ஒன்றை எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்தி வருகிறது. ஒரு பொருள் புதிதாகச் சந்தைக்கு வருவதையும், சில ஆண்டுகளில் அது எல்லோர் வீட்டிலும் இடம்பிடிப்பதையும், அல்லது வந்த சுவடு தெரியாமல் போவதையும் கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். வாடிக்கையாளர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். மக்கள் கருவியை மட்டும் பார்த்து வாங்குவதில்லை என்பது என் எண்ணம். அதைப் பழுதுபார்ப்பவர், அதற்கான மின்சாரம், அண்டை வீட்டாரின் அனுபவம், தவறினால் பின்வாங்க வழி என அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

ஒரு கருவி மக்களிடம் பரவிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

விற்பனைக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் வாங்குவது ஒரு நாள் வேலை, பயன்படுத்துவது அன்றாட வேலை. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு கிடைத்தது. ஆனாலும் பல வீடுகளில் விறகடுப்பு அணையவில்லை. சுள்ளியை அன்றன்றைக்குப் பொறுக்கிக்கொள்ளலாம். சிலிண்டருக்கோ முழுப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அந்தக் குடும்பங்களில் இணைப்பு பரவியது என்று சொல்லலாமே தவிர, எரிவாயு பரவியது என்று சொல்ல முடியாது.

எங்கள் கடையில் இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. மிக்ஸியைக் கொண்டுவருகிறவர், மாலைக்குள் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். அலமாரியின் மேல்தட்டிலோ ரொட்டி வாட்டும் கருவிகளும் பழச்சாறு பிழியும் கருவிகளும், சரிசெய்து சீட்டு ஒட்டிய பிறகும், உரிமையாளர் வராமல் மாதக்கணக்கில் தூசி படிந்து கிடக்கின்றன. எந்தப் பொருள் பழுதானால் அன்றைய வேலை நின்றுபோகிறதோ, அதுதான் பரவிய பொருள்.

முதலில் வாங்குபவர்கள் யார்? மற்றவர்கள் யாரைப் பார்த்து வாங்குகிறார்கள்?

இதைப் பற்றிய புகழ்பெற்ற பழைய ஆய்வு ஒன்று மக்காச்சோள விதையைப் பற்றியது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1928 வாக்கில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் விற்பனைக்கு வந்தது. இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகளை பிரைஸ் ரயான், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் விசாரித்து 1943இல் முடிவை வெளியிட்டார்கள். விசாரணை நடந்தபோது இருவரைத் தவிர அனைவரும் புதிய விதைக்கு மாறியிருந்தார்கள். விளைச்சல் கூடும் என்பது கண்கூடாகத் தெரிந்தும் அதற்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. விதையைப் பற்றி அவர்களுக்கு முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். அதை விதைக்கலாம் என்ற துணிவைத் தந்தவர்களோ பக்கத்து நிலத்துக்காரர்கள். முதலில் மாறியவர்கள்கூட நிலம் முழுவதும் விதைக்காமல் ஒரு மூலையில் விதைத்துப் பார்த்த பிறகே அதிகப்படுத்தினார்கள்.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எவரெட் ரோஜர்ஸ் 1962இல் ஒரு பகுப்பை முன்வைத்தார். புதியதைத் தேடி எடுப்பவர்கள் 2.5 விழுக்காடு, அவர்களை அடுத்து வருபவர்கள் 13.5, முன்பாதிப் பெரும்பான்மை 34, பின்பாதிப் பெரும்பான்மை 34, கடைசியில் வருபவர்கள் 16 என்பது அந்தக் கணக்கு. விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் இளைஞர்கள் இந்த எண்களை ஜாதகக் கட்டம் போல ஒப்பிக்கிறார்கள். அவை மணி வடிவ வளைகோட்டை வசதிக்காக வெட்டியதில் கிடைத்த துண்டுகளே அன்றி, பிறவிக்குணம் எதையும் குறிப்பவை அல்ல. தெருவிலேயே முதல் ஆளாகக் கைப்பேசி வாங்கிய ஒருவர், வீட்டில் மின் அடுப்பு வைக்க இன்றுவரை சம்மதிக்காமல் இருப்பதை நான் அறிவேன்.

விலை குறைந்தால் போதாதா?

விலை குறைவது அவசியம், ஆனால் எந்த விலை என்பதுதான் கேள்வி. இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது. அக்காலத்தில் பேசுபவருக்கு மட்டுமின்றி, எடுப்பவருக்கும் கட்டணம் உண்டு. கைப்பேசியைக் கையில் வைத்திருந்தவர்கள் அழைப்பைத் துண்டித்துவிட்டு அருகிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடிய காலம் அது. 2003இல் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கிய பிறகுதான் தச்சரும் குழாய்ப் பணியாளரும் கைப்பேசி வாங்கினார்கள். அவர்களுக்குத் தேவை தாம் பேசுவது அன்று, வேலை கொடுப்பவர் தம்மை அழைக்க முடிவதே. அழைப்பு மணி அடித்து நின்றால் "வந்துவிட்டேன்" என்று பொருள் கொள்ளும் மிஸ்டு கால் வழக்கத்தை எந்த நிறுவனமும் திட்டமிட்டு உருவாக்கவில்லை.

அதே 2003இல் வந்த நோக்கியா 1100இன் தலையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. தூசி புகாத விசைப்பலகையும் இருந்தது. மின்வெட்டு உள்ள ஊரில் டார்ச்சின் பயனை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றதும், பிற்காலத்தில் பத்து ரூபாய் ரீசார்ஜ் வந்ததும் ஒரே கணக்குதான்: மாதச் சம்பளக்காரரின் அலகில் இருந்த பொருள் தினக்கூலிக்காரரின் அலகுக்கு மாறியது.

மலிவு என்ற பெயரே ஒரு பொருளைக் கெடுப்பதும் உண்டு. 2009இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்ற முழக்கத்தோடு வந்த டாட்டா நானோ, ஸ்கூட்டரில் நால்வராகச் செல்லும் குடும்பத்துக்காக வடிவமைக்கப்பட்டது. வாசலில் கார் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அது நாட்டிலேயே மலிவான கார் என்று தெரு முழுக்கத் தெரிவதை விரும்பமாட்டார் என்பதை அந்த முழக்கம் மறந்துவிட்டது. சில வண்டிகள் தீப்பற்றிய செய்திகளும் சேர்ந்துகொள்ள, 2018இல் உற்பத்தி நின்றது.

கியூஆர் அட்டை மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகப் பூக்கடை வரை வந்தது?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. வழக்கமாகச் சொல்லப்படும் பதில் பணமதிப்பிழப்பு. அது பாதி உண்மை. யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. வங்கிகளின் செயலிகள் ஆகஸ்டில் வந்தன. அக்டோபரில் நாடு முழுவதும் நடந்த பரிமாற்றங்கள் சுமார் ஒரு லட்சம் மட்டுமே. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. டிசம்பரில் எண்ணிக்கை ஏறத்தாழ இருபது லட்சமானது. ஆனால் அடுத்த ஆண்டு ரொக்கம் திரும்பி வந்த பிறகும் யுபிஐ குறையாமல் வளர்ந்ததே, அதை அந்த நெருக்கடியால் மட்டும் விளக்க முடியாது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்துப் பரிமாற்றங்கள் முதன்முறையாக 1000 கோடியைத் தாண்டின.

நெருக்கடி கதவைத் தட்டியது; உள்ளே அழைத்தவை வேறு சில. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையைச் சரித்தது. அட்டை தேய்க்கும் கருவிக்கு வாடகையும் தரகும் கொடுக்க வேண்டியிருந்த இடத்தில், கியூஆருக்கு ஓர் அச்சிட்ட காகிதம் போதுமானதாக இருந்தது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கிய அந்தக் கட்டத்துக்குக் காப்புரிமை இருந்தும், பயன்படுத்துவோரிடம் அது பணம் கேட்கவில்லை. எந்த வங்கிக் கணக்குள்ளவரும் எந்தச் செயலியிலிருந்தும் பணம் அனுப்பலாம் என்பதால், வாடிக்கையாளர் எதை வைத்திருக்கிறார் என்று கடைக்காரர் கவலைப்படத் தேவையில்லாமல் போயிற்று. 2020 ஜனவரி முதல் வணிகரிடம் யுபிஐக்குத் தரகு வாங்கக் கூடாது என்பதும் விதியாயிற்று.

இவற்றுக்கு மேல் சில்லறை இருக்கிறது. அலசூர்ச் சந்தையில் நாங்கள் வாடிக்கையாகப் பூ வாங்கும் அம்மாள், இரண்டு முழம் மல்லிகைக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவர்களால் காலை வியாபாரத்தில் பாதி நேரம் பக்கத்துக் கடைகளுக்கு ஓடியே கழிந்தது என்பார். கூடையின் விளிம்பில் சணலால் கட்டிய கியூஆர் அட்டை அந்த ஓட்டத்தை நிறுத்தியது. தண்ணீர் தெளிக்கும்போது நனையாதிருக்க அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டியிருக்கிறார்.

ஆனால் முதல் ஓராண்டு அந்த அட்டை அவருடைய மகனின் கணக்கோடு இணைந்திருந்தது. பூ விற்றவர் தாய், பணம் சேர்ந்தது மகனிடம். மாலையில் கேட்டு வாங்க வேண்டும், கேட்கும் நாளெல்லாம் கிடைக்காது. சீட்டுப் பணத்துக்கும் மறுநாள் கொள்முதலுக்கும் ரொக்கம் பற்றாமல் போனபோது, அவர் அட்டையைக் கழற்றிக் கூடைக்கு அடியில் போட்டுவிட்டார். தம் பெயரில் கணக்கு தொடங்கிப் புதிய அட்டை வாங்கிய பிறகே அது மீண்டும் விளிம்புக்கு ஏறியது. பரவலை எண்ணுகிற அட்டவணைகளில் அவர் இரண்டு ஆண்டும் ஒரே "பயனர்"தான்; இடையில் ஒரு முறை விலகியதற்கு அங்கே கட்டமே இல்லை.

கடைகளில் பேசும் பெட்டி எதற்கு? கைப்பேசியில்தான் செய்தி வந்துவிடுகிறதே?

கடைக்காரரின் கை ஓய்வாக இருக்காது. மாவு பிசைந்த கையும், எண்ணெய்க் கையும், பூ கட்டும் கையும் ஒவ்வொரு முறையும் கைப்பேசியைத் துடைத்துத் திறந்து பார்க்க முடியாது. பணம் அனுப்பியதாகப் பழைய படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் பெருகினார்கள். 2019இல் பேடிஎம் அறிமுகப்படுத்திய, பிறகு மற்ற நிறுவனங்களும் பின்பற்றிய அந்தச் சிறு பெட்டி, தொகையைச் சத்தமாகச் சொல்லி இரண்டு சிக்கலையும் தீர்த்தது. எழுத்துத் தெரியாதவருக்கும் அது போதும். வாடிக்கையாளருக்கும் காது இருக்கிறது என்பதால், நான் கொடுத்தேன், நீங்கள் பார்க்கவில்லை என்ற வாக்குவாதம் பெரும்பாலும் எழுவதில்லை. திரையைப் பெரிதாக்குவதிலேயே எல்லோரும் கவனமாக இருந்த காலத்தில், திரையே இல்லாத ஒரு பொருள் சந்தையை வென்றது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பெங்களூரில் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் கன்னடத்தில் பேசுகின்றன. அலசூரில் தமிழில் பேசும் பெட்டியும் உண்டு. சில கடைகளில் கடைக்காரர் தமிழர், பெட்டி பேசுவது கன்னடம், வாங்குபவர் இந்திக்காரர். மூவருக்கும் எண் புரிந்துவிடுகிறது.

அப்படியானால் 2025இல் சில கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றியது ஏன்?

பரவிய பொருள் திரும்பிப் போகாது என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்வைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வழியாகப் பெற்ற தொகைகளின் அடிப்படையில், ஜிஎஸ்டி பதிவு செய்யாத சிறு வணிகர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்ற வரம்பைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. முந்தைய சில ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டதால் சிலரிடம் கேட்கப்பட்ட தொகை பெரிதாக இருந்தது. டீக்கடைகள், பேக்கரிகள், காண்டிமெண்ட்ஸ் கடைகள் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. வணிகர்கள் முழு அடைப்புக்கு அழைப்பு விடுத்து, முதலமைச்சருடன் பேசிய பிறகு கைவிட்டார்கள். பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்ற உறுதி கிடைத்தது.

வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காய்கறிக்கும் பாலுக்கும் வரியே கிடையாது என்பதும், வங்கிக்கு வந்த பணமெல்லாம் விற்பனை அன்று என்பதும், கடைக்காரர் தம்பியிடம் வாங்கிய கைமாற்றும் அதே கணக்கில்தான் விழுகிறது என்பதும் அந்த வாரம் முழுவதும் கடைத்தெருவின் பேச்சாக இருந்தன. அட்டையில் எந்தப் பழுதும் இல்லை. அதை நம்பி மாட்டியபோது யாரும் சொல்லாத ஒரு விளைவு அதோடு ஒட்டியிருப்பது தெரிந்ததும், மக்கள் ஓரிரு நாளில் எட்டு ஆண்டுப் பழக்கத்தைக் கைவிடத் துணிந்தார்கள். பெரும்பாலான அட்டைகள் திரும்பிவந்துவிட்டன. வாடிக்கையாளர் கையில் ரொக்கம் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

நல்ல கருவிகள் தோற்பது ஏன்?

பெங்களூரிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து, ஏழைகளும் எழுத்தறியாதோரும் பயன்படுத்தும் வகையில் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். 2001இல் உலகம் முழுவதும் அதைப் பாராட்டியது. 2004இல் அது விற்பனைக்கு வந்தபோது சில ஆயிரங்களுக்கு மேல் விற்கவில்லை. அதே நேரத்தில் மலிவுக் கைப்பேசி தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. பேசுவதற்கு உதவும் பொருளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, கணினிக்கோ அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளும், அதில் பார்க்கத் தமிழிலும் கன்னடத்திலும் போதிய தகவலும் தேவைப்பட்டன.

மற்றொன்று 2001இல் சேத்தன் மைனி பெங்களூரில் வெளியிட்ட ரேவா மின் கார். இரு கதவு கொண்ட அந்தச் சிறு வண்டி, ஈய அமில பேட்டரியில் ஒரு முறை ஏற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். இங்கே அதை வாங்கியவர்கள் சிலரே. அதே கார் ஜி-விஸ் என்ற பெயரில் லண்டனில் ஓரளவு ஓடியது, ஏனெனில் அந்நகரம் 2003இல் மையப்பகுதிக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் விதித்து, மின் வண்டிக்கு விலக்கு அளித்தது. ஒரே பொருளுக்கு, பக்கத்திலிருந்த விதி மாறியதால் தலையெழுத்தே மாறியது.

பழுதுபார்ப்பவருக்கும் பரவலுக்கும் என்ன தொடர்பு?

என் தொழிலைப் புகழ்ந்துகொள்வதாக நினைக்க வேண்டாம்; இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஈர மாவரைக்கும் கிரைண்டர் 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கியது என்பார்கள். ஊற வைத்த அரிசியையும் உளுந்தையும் சூடேறாமல் அரைக்க வெளிநாட்டில் எந்தக் கருவியும் இல்லை. அங்கே அந்தத் தேவையே இல்லை. மிக்ஸியின் கதையும் அத்தகையதே. ஐரோப்பிய மிக்ஸிகள் மென்மையான பொருள்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் மஞ்சளும் காய்ந்த மிளகாயும் விழுந்ததும் மோட்டார் கருகின. 1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் வலுவான மோட்டாரோடு சுமீத் மிக்ஸியை உருவாக்கியதும் அது தென்னிந்திய சமையலறைகளுக்குள் வந்தது.

எங்கள் வீட்டு முதல் கிரைண்டரை 1980களில் என் தந்தை கோவையிலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். கல்லைத் தனியாகச் சாக்கில் சுற்றி இறக்கியபோது, தெருவில் இருந்தவர்களெல்லாம் பார்க்க வந்தார்கள். அடுத்த ஆறு மாதம் யாரும் வாங்கவில்லை. வந்து மாவு மட்டும் அரைத்துக்கொண்டு போனார்கள், உப்பும் புளிப்பும் மாறுகிறதா என்று பார்த்தார்கள், இட்லி கல்லாகிறதா என்று மாமியார்கள் விரலால் அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் பெல்ட் அறுந்தது. அதைத் தந்தை சிவாஜிநகரில் தேடி வாங்கித் தாமே மாட்டி, அன்று மாலையே மாவு அரைத்துக் காட்டினார். அடுத்த இரு மாதங்களில் அதே தெருவில் மூன்று வீடுகள் கிரைண்டர் வாங்கின. அவர்கள் காத்திருந்தது அந்தப் பழுதுக்காகத்தான் என்று தந்தை சொல்வார். எங்கள் கடை அப்படித் தொடங்கியது.

இன்று வரும் பல பொருள்களில் பசையிட்டு மூடிய உடலும், எங்கும் கிடைக்காத உதிரிபாகமும் இருக்கின்றன. மிக்ஸிக்குக் கப்ளரும் கார்பனும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு காற்றுச் சுத்திகரிப்பானின் பலகைக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் புதிய பொருளின் விலையில் முக்கால் பங்கு கேட்டது. அந்த வாடிக்கையாளர் அதைச் சரிசெய்யவில்லை. இன்னொன்று வாங்கவும் இல்லை.

அரசு இலவசமாகக் கொடுத்தாலோ கட்டாயப்படுத்தினாலோ பரவாதா?

பரவும், சில நிபந்தனைகளோடு. பெங்களூரில் 2013 மார்ச் 31க்குள் கேபிள் தொலைக்காட்சிக்கு செட்டாப் பெட்டி கட்டாயம் என்றதும், பொருமிக்கொண்டே எல்லோரும் வாங்கினார்கள். 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமானபோதும் அவ்வாறே. தமிழ்நாட்டில் 2006க்குப் பின் வண்ணத் தொலைக்காட்சியும், 2011இலிருந்து மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் விலையின்றி வழங்கப்பட்டன. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து உறவினர் வீடுகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். கிரைண்டர் அங்கே நிலைத்ததற்கு அது இலவசம் என்பது காரணமன்று. இட்லி ஏற்கெனவே இருந்தது, மின்சாரமும் இருந்தது, கையால் ஆட்டும் வேலையின் சுமை பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவசமுத்திரத்தில் 1902இல் உற்பத்தியான மின்சாரம் முதலில் சென்றது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். பெங்களூரின் தெருவிளக்கு 1905இல்தான் எரிந்தது. வீட்டுக் கருவிகள் எல்லாம், வேறொருவரின் தேவைக்காக முன்பே இழுக்கப்பட்ட கம்பியில்தான் பிறகு தொற்றிக்கொள்கின்றன.

தமிழில் இருந்தால் நம்மவர்கள் கூடுதலாகப் பயன்படுத்துவார்களா?

ஓரளவுக்கு. 1999இல் தமிழ்நாட்டில் தமிழ்99 விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. கைப்பேசியில் தமிழ் எழுத்து வந்தும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பெங்களூரில் பிறந்து கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்த தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கும், பள்ளியே செல்லாத முந்தைய தலைமுறைக்கும், எழுத்தைவிட ஒலிதான் கைகொடுத்தது. எங்கள் பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஓர் எழுத்துகூட அடித்ததில்லை. குரல் செய்தியாகவே தர்மபுரியோடு தினமும் சண்டை போடுகிறார்.

அப்பா எதற்கும் பிடிவாதமாக மறுக்கிறார். எப்படிப் பழக்குவது?

பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர் இழக்கப்போவது என்ன என்று கேளுங்கள். ஓய்வூதியத்தை வங்கிக்குப் போய் வாங்குகிறவருக்கு அந்த நடையும், வரிசையில் கிடைக்கும் பேச்சும், பாஸ்புத்தகத்தில் அச்சாகும் எண்ணும் சேர்ந்ததுதான் வங்கி. தவறான எண்ணுக்கு ஒரு முறை பணம் போனால் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை நான் நாலாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வங்கி என்னைச் செயலி நிறுவனத்திடமும், அது என்னை வங்கியிடமும் அனுப்பி மூன்று வாரம் கழிந்தது. அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

பழக்க விரும்பினால், சிறிய தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். ஐயோவா விவசாயியின் நில மூலை போல, கெட்டாலும் கைக்கடங்கிய இழப்பாக இருக்கும். கைப்பேசியை வாங்கி நீங்களே அழுத்திக் காட்டாமல், அவர் விரலே அழுத்தும்வரை பொறுத்திருங்கள். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை என்பதையும், அதைக் கேட்கிறவர் திருடர் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை, கைப்பேசியில் சேமிப்பதோடு நாட்காட்டியின் அட்டையிலும் எழுதி வையுங்கள். திறன்பேசியே வேண்டாம் என்பவருக்கு, சாதாரண பொத்தான் கைப்பேசியிலேயே யுபிஐ செய்யும் வசதி 2022 மார்ச்சிலிருந்து உண்டு.

மின் ஸ்கூட்டர் வாங்கலாமா?

வண்டியைப் பார்ப்பதற்கு முன் இரவில் அதை எங்கே நிறுத்துவீர்கள் என்று பாருங்கள். சொந்த வாசல் உள்ளவருக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஸ்ரீராமபுரத்து மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்காரர், கீழ்த்தளத்து மீட்டரிலிருந்து கம்பி இழுக்க வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்கிய பிறகு முன்பணம் கட்டுவது நல்லது.

செயற்கை நுண்ணறிவும் இப்படித்தான் பரவுமா?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது, இலவசமாக, எந்தக் கருவியும் வாங்காமல், ஒரு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு மூடிவிட முடிந்தது. முயன்று பார்ப்பதற்கு அதைவிட எளிய வாசல் முன்பு இருந்ததில்லை. எங்கள் கடைப் பையன் அதனிடம் மோட்டார் சுற்றும் கம்பியின் கனம் கேட்டான். அது தயக்கமின்றித் தவறான அளவைச் சொன்னது. கிரைண்டரின் பெல்ட் அறுந்தால் தெரியும். இதில் எப்போது அறுந்தது என்று கண்டுபிடிக்க, விடை முன்பே தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆள் யார் என்பது இன்னும் அமையவில்லை.

புதியது வந்தால் பழையது முழுவதும் மறைந்துவிடுமா?

சில மறையும். 1995 வாக்கில் இடுப்பில் மாட்டிக்கொண்டு பெருமையாகத் திரிந்த பேஜர், பத்தாண்டுக்குள் காணாமல் போனது. அம்மி மறையவில்லை, அரைப்பதற்குத் தேவைப்படாவிட்டாலும் மணப்பெண்ணின் கால் வைக்கத் தேவைப்படுகிறது, அதற்கென்றே வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் மாடிப்படிக்கு அடியில் குழவியோடு கிடக்கிறது. முன்பு அதைக் கொத்துவதற்குத் தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சென்ற மாதம் பழைய சாமான் வண்டிக்காரரிடம் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டேன். எடுத்துப்போக வேண்டுமானால் நான் இருநூறு ரூபாய் தர வேண்டும் என்றார். வண்டியின் கைப்பிடியில் அவருடைய கியூஆர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.